சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது? இரசாயனத் தாக்கங்களின் வெப்பக் கணக்கு

திருமலை என்று நாங்கள் சொல்லும் இலங்கையின் திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. எல்லாம் சதுரமாகக் கட்டப்பட்டவை. ஒன்றுக்கொன்று சூட்டில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். போன பள்ளிக்கூட விடுமுறையில் தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே குளிக்கப் போயிருந்தேன். மூன்றாவது கிணற்றில் வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றியவன், "மாமா, கீழ கந்தகம் எரியுது. அந்தத் தாக்கத்தாலதான் தண்ணி சுடுது" என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "ஓம் தம்பி, எரிமலைத் தண்ணி" என்று தலையாட்டினார்.

இரண்டுமே சரியில்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வருகிறது. நிலத்துக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். ஆகவே கீழே எதுவும் எரியத் தேவையில்லை. உள்ளே போனதும் தண்ணீர், வெளியே வந்ததும் தண்ணீர். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறவில்லை என்றால் அங்கே இரசாயனத் தாக்கம் நடக்கவில்லை.

அவன் உயர்தரத்தில் இரசாயனம் படிக்கிறான். புறவெப்பத்தாக்கம், அகவெப்பத்தாக்கம் என்ற சொற்கள் தடங்கல் இல்லாமல் அவன் வாயில் வருகின்றன. ஆனால் சுடுகிற எதைக் கண்டாலும் "தாக்கம்" என்கிறான். பல வருடங்களாகத் திருமலையில் இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு இது புதிதல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகளிடமும் வெப்பம் பற்றிய பேச்சு குழம்பித்தான் கிடக்கிறது. அதை முதலிலிருந்து அவிழ்த்துப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரசாயனம் படிக்காதவர்களும் வாசிக்கலாம்.

வெப்பமும் வெப்பநிலையும்

குழப்பத்தின் வேர் "சூடு" என்ற சொல்லில் இருக்கிறது. தேத்தண்ணீர் சூடு, வெயில் சூடு, மாம்பழம் சாப்பிட்டால் சூடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மாம்பழத்தின் சூடு உடம்பைப் பற்றிய பேச்சு; வெப்பமானி வைத்து அதை அளக்க முடியாது. அதை இங்கே விட்டுவிடுவோம். மிச்சம் இருப்பதில்தான் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக் கொளுத்தினால் பொறி கையில் விழும். அந்தப் பொறியின் வெப்பநிலை ஆயிரம் பாகைக்கு மேல். ஆனாலும் சின்னதாகச் சுரீர் என்பதோடு சரி. அதே கையில் ஒரு கோப்பை கொதிநீர் கொட்டினால் ஆசுபத்திரிக்குத்தான் போகவேண்டும். கொதிநீரோ வெறும் 100 பாகை. பொறியில் வெப்பநிலை அதிகம், வெப்பம் சொற்பம். கோப்பையில் வெப்பநிலை குறைவு, வெப்பம் நிறைய.

வெப்பநிலை என்பது ஒரு பொருளின் துணிக்கைகள் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதன் அளவு. வெப்பம் என்பது சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குப் போகும் சக்தி. வெப்பத்தை யூல் என்ற அலகில் அளக்கிறோம். ஆயிரம் யூல் ஒரு கிலோயூல்.

இன்னொன்றையும் பார்ப்போம். பங்குனி, சித்திரை மாதத்தில் நண்பகலில் உப்புவெளிக் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தால் மணல் உள்ளங்காலைச் சுட்டெரிக்கும். பத்து அடி ஓடிக் கடலில் கால் வைத்தால் அப்பாடா என்று இருக்கும். ஒரே வெயில்தான் இரண்டிலும் அடிக்கிறது. ஆனால் ஒரு கிராம் மணலை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 0.8 யூல் போதும். ஒரு கிராம் தண்ணீருக்கு 4.18 யூல் வேண்டும். ஒரு கிராம் பொருளை ஒரு பாகை உயர்த்தத் தேவையான இந்த வெப்பத்துக்குத் தன்வெப்பக் கொள்ளளவு என்று பெயர். பகல் முழுக்க வெயிலை வாங்கியும் கடல் அசையாமல் இருப்பதற்கு அலையும் ஆவியாதலும் காரணம்தான் என்றாலும், பெரிய காரணம் இந்த எண். கீழே அளவீட்டுக்கு வரும்போது இதே 4.18 மறுபடி வரும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: வெப்பமானி காட்டுவது வெப்பநிலையை மட்டும். எவ்வளவு வெப்பம் கைமாறியது என்று அறிய, எவ்வளவு பொருள், என்ன பொருள் என்ற இரண்டும் தெரியவேண்டும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

"விறகுக்குள்ள சூடு அடைஞ்சு கிடக்கு, எரிச்சா வெளியில வருது." இப்படித்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். சரி, அப்படியென்றால் எரிகிற கொள்ளியை ஒரு பானைக்குள் போட்டு மூடிவிட்டால் ஏன் அணைகிறது? விறகு அப்படியேதான் இருக்கிறது. போனது காற்று. வெப்பம் விறகுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. விறகும் ஒட்சிசனும் சேர்ந்த சோடிக்குச் சொந்தம்.

அடுத்த தவறு பள்ளிக்கூடத்திலேயே பரவுகிறது: "பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவருகிறது." பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறில் அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் கவர்ச்சி. வீட்டில் இரண்டு காந்தம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் காந்தங்களைப் பிரிக்க நீங்கள்தான் பலம் கொடுக்கவேண்டும். பிரித்ததைக் கிட்டக் கொண்டுவந்து விட்டால் "டக்" என்று தாமாகவே மோதி ஒட்டும். அந்தச் சத்தம் வெளியே வந்த சக்தி. அணுக்களும் இப்படித்தான். பிணைப்பை உடைக்கச் சக்தி செலவாகும். பிணைப்பு உண்டாகும்போது சக்தி வரவாகும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஆக ஒவ்வொரு தாக்கமும் ஒரு வரவுசெலவுக் கணக்கு. பழைய பிணைப்புகளை உடைக்கச் செலவு. புதியவை உண்டாவதில் வரவு. வரவு மிஞ்சினால் மிச்சம் சூழலுக்கு வெப்பமாகப் போகும். அது புறவெப்பத்தாக்கம். செலவு மிஞ்சினால் பற்றாக்குறையைச் சூழலிடமிருந்து இழுத்துக்கொள்ளும். அது அகவெப்பத்தாக்கம்.

எண்களோடு ஒரு தரம் பார்த்துவிடுவோம். ஐதரசன் ஒட்சிசனில் எரிந்து நீராவியாகிறது. முதலில் ஒரு சொல்: மூல் என்பது டசின் மாதிரி ஓர் எண்ணிக்கை, ஆனால் மிகப் பெரியது, 6.022 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு. ஒரு மூல் ஐதரசன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436 கிலோயூல் வேண்டும். அதோடு தாக்கமுறும் அரை மூல் ஒட்சிசனை உடைக்க 249. மொத்தச் செலவு 685. உண்டாகும் ஒரு மூல் நீரில் ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே இரண்டு மூல் பிணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 463 ஆக வரவு 926. மிச்சம் 241 கிலோயூல். ஆய்வுகூடத்தில் நேரடியாக அளந்தால் கிடைப்பதும் ஏறத்தாழ இதுதான், 242. வகுப்பில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். எனக்கும் அந்த இடம் அலுப்பதில்லை.

இந்த மிச்சத்துக்கு ஒரு பெயர் உண்டு: வெப்பவுள்ளுறை மாற்றம். திறந்த கோப்பையில், சாதாரண வளியமுக்கத்தில் நடக்கும் ஒரு தாக்கம் சூழலோடு பரிமாறும் வெப்பத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் வெளியே போனால் சயக் குறி (−), உள்ளே வந்தால் சகக் குறி (+). வெளியே வருவதற்கு ஏன் சயம் என்று எல்லாரும் கேட்பார்கள். கணக்கு எழுதுவது நாமல்ல, தாக்கமுறும் பொருட்கள். அவற்றின் கையிலிருந்து போனது அவற்றுக்குக் குறைவுதானே.

சுண்ணாம்பின் கதை

இந்த வரவுசெலவை முழுதாகக் கண்ணால் காட்டக்கூடிய ஒரு பொருள் எங்கள் பக்கத்தில் காலங்காலமாகப் புழங்குகிறது. வெற்றிலைத் தட்டில் இருக்கிறது, பழைய வீடுகளின் சுவரில் இருக்கிறது. சுண்ணாம்பு.

சின்ன வயதில் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க அப்பா சுட்ட சுண்ணாம்புக் கட்டிகள் வாங்கி வருவார். முற்றத்தில் பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பா. கட்டிகளை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். முதலில் ஒன்றும் நடக்காது. கட்டி தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டியில் வெடிப்பு ஓடும், பிறகு இன்னொன்றில். திடீரென்று பீப்பா முழுக்கக் குமுறத் தொடங்கும். ஆவி எழும்பும், கட்டிகள் பூவாக மலர்ந்து உதிரும், வெள்ளைக் கூழ் கொப்பளிக்கும். கீழே அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. அம்மா எங்களைத் திண்ணைக்கு அப்பால் விடமாட்டார். அது சரியான பயம்: ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இதற்கு நீற்றுதல் என்று பெயர். சுட்ட சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஒட்சைட்டு, தண்ணீரோடு தாக்கமுற்று நீற்றிய சுண்ணாம்பாக மாறுகிறது. ஒரு மூலுக்கு, அதாவது 56 கிராமுக்கு, 65 கிலோயூல் வெப்பம் வெளிவருகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டால் 1,160 கிலோயூல். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 293 கிலோயூல் வேண்டும். அப்படியென்றால் வெப்பம் எங்கும் வீணாகாவிட்டால் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு ஏறக்குறைய நாலு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். பீப்பா குமுறியதில் வியப்பில்லை.

இந்த வெப்பம் கட்டிக்குள் எப்படி வந்தது? அதற்குச் சூளைக்குப் போகவேண்டும். கிழக்குக் கரையோரத்தில் ஒரு காலத்தில் சிப்பியையும் முருகைக்கல்லையும் (பவளப்பாறை) விறகோடு அடுக்கிச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். முருகைக்கல் வெட்டுவது இப்போது தடை. கடலரிப்பைத் தடுக்கும் அரணே அந்தக் கல்தான் என்பதால் அந்தத் தடை மிகத் தேவையானது. சிப்பியும் முருகைக்கல்லும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதை 900 பாகையளவில் சுட்டால் காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து போகும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஒரு மூலுக்கு 178 கிலோயூல் வெப்பத்தை அது உள்ளே இழுக்கிறது. அகவெப்பத்தாக்கம். இரவு பகலாக விறகு தள்ளிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

178 வாங்கியது, நீற்றும்போது 65 கொடுத்தது. மிச்சம் 113 எங்கே?

சுவரில். வெள்ளையடித்த அன்று சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையில் ஒட்டும். நாட்கள் போகப் போக ஒட்டாது, இறுகிவிடும். காய்ந்ததால் மட்டும் அப்படி இறுகுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து மறுபடியும் கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. கடலிலிருந்து வந்த சிப்பி சூளைக்குள் போய், பீப்பாவுக்குள் போய், கடைசியில் சுவரில் மெல்லிய கல்லாகப் படிகிறது. அப்போது ஒரு மூலுக்கு 113 கிலோயூல் வெளிவருகிறது. பூச்சு மெல்லியது, தாக்கம் மெதுவானது என்பதால் அந்தச் சூட்டை யாரும் உணர்வதில்லை. ஆனால் கணக்கு நேர்: 65 கூட்டல் 113, 178.

இது தற்செயலாகப் பொருந்திய கணக்கு அல்ல. ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வேலை செய்த ஜேர்மெயின் ஹெஸ் 1840இல் இதை ஒரு விதியாக வெளியிட்டார். தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றாக இருந்தால், ஒரே படியில் போனாலும் பல படிகளில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான். கோணேசர் கோயிலுக்கு நேராக ஏறினாலும், இடையில் கடைகளில் நின்று, கடல் பார்த்து, சுற்றி ஏறினாலும் நீங்கள் ஏறிய உயரம் மாறாது. அதே மாதிரி.

ஹெஸ்ஸின் விதியால் என்ன பிரயோசனம்? சுவரில் நடப்பதை எந்த வெப்பமானியாலும் அளக்க முடியாது. நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. சூளையில் வாங்கிய 178இல் பீப்பாவில் கொடுத்த 65ஐக் கழித்தால் போதும், 113 கிடைத்துவிடும். அளக்க முடியாததை அளக்க முடிந்தவற்றிலிருந்து எடுப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கொங்கிறீற்றிலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது. தட்டு போட்ட மறுநாள் தண்ணீர் கட்டுவதை "சூடு இறங்கத் தண்ணி விடுறம்" என்பார்கள் மேசன்மார். சிமெந்து தண்ணீரோடு தாக்கமுறும்போது வெப்பம் வெளிவருவது உண்மை. பெரிய தடிப்பான வார்ப்புகளில் அந்தச் சூடு தொல்லையும் தரும். ஆனால் வீட்டுத் தட்டுக்குத் தண்ணீர் கட்டுவதன் முக்கிய நோக்கம், தாக்கம் தொடர்ந்து நடக்கத் தேவையான நீர் வெயிலில் வற்றிப் போகாமல் காப்பது. தண்ணீர் இல்லையென்றால் தாக்கம் பாதியில் நின்றுவிடும், பலமும் பாதியில் நின்றுவிடும்.

சுண்ணாம்பு காட்டியது இதுதான்: உடைக்கச் செலவு, சேர வரவு, மிச்சம்தான் நாம் உணரும் சூடு. போன பாதை எதுவானாலும் மொத்தக் கணக்கு மாறாது.

கோப்பையில் அளப்பது

ஸ்கொட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக்குக்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஒரு வாயு பிரிகிறது என்பதை 1750களில் ஆராய்ந்து எழுதியவர் அவர். அதே மனிதர்தான் பிறகு பனிக்கட்டி உருகும்போது வெப்பம் வாங்கியும் வெப்பநிலை ஏறாமல் நிற்பதைக் கவனித்து, வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று தெளிவாகப் பிரித்தார். அவர் கண்டதைப் பயன்படுத்தி 1780களின் தொடக்கத்தில் பாரிஸில் லவோசியரும் லாப்லாசும் ஒரு கருவி செய்தார்கள். வெப்பம் விடும் பொருளைச் சுற்றிப் பனிக்கட்டி. எவ்வளவு பனி உருகித் தண்ணீராக வடிகிறது என்று நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு வெப்பம் என்று தெரியும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 யூல். உள்ளே ஒரு கினிப்பன்றியை வைத்து, மூச்சுவிடுவதும் ஒரு மெதுவான எரிதல்தான் என்று காட்டினார்கள். வெப்பத்தை அளக்கும் இப்படியான கருவிக்குக் கலோரிமானி என்று பெயர்.

நமக்குப் பனிக்கட்டி வேண்டாம். முன்பு தேத்தண்ணீர் வாங்கிய ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) கோப்பை இரண்டு போதும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, மேலே ஒரு மட்டை மூடி, மூடியில் வெப்பமானிக்கு ஒரு துளை. ரெஜிபோம் வெப்பத்தை வெளியே விடாது, தானும் அதிகம் குடிக்காது. கண்ணாடி முகவையில் செய்தால் கண்ணாடியே கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எல்லாரும் செய்யும் பரிசோதனை நடுநிலையாக்கம், அதாவது அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆவது. ஒரு லீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலம் 50 மில்லிலீற்றர். அதே செறிவில் சோடியமைதரொட்சைட்டுக் கரைசல் 50 மில்லிலீற்றர். இரண்டும் 30 பாகையில் இருக்கின்றன. ஊற்றி, மூடி, மெதுவாகக் கலக்கினால் வெப்பமானி 36.5 வரை ஏறுகிறது என்று வைப்போம்.

கணக்கு ஒரு வரிதான்: திணிவு பெருக்கல் தன்வெப்பக் கொள்ளளவு பெருக்கல் வெப்பநிலை மாற்றம். கரைசல் மொத்தம் 100 கிராம் என்றும், தண்ணீர் மாதிரியே 4.18 என்றும் எடுத்துக்கொண்டால், 100 பெருக்கல் 4.18 பெருக்கல் 6.5. விடை 2,717 யூல். தாக்கமுற்ற அளவு 0.05 மூல். ஒரு மூலுக்கு மாற்றினால் சுமார் 54 கிலோயூல்.

நூல்களில் இருப்பது 57. எங்கே போனது மிச்சம்? கோப்பையின் சுவர் கொஞ்சம் எடுத்தது, வெப்பமானி கொஞ்சம் எடுத்தது, மூடியிடுக்கால் கொஞ்சம் போனது, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி கொஞ்சம் அள்ளிக்கொண்டது. திருமலை வெயிலில் விசிறியை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் முறைப்பார்கள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடமாவது நிறுத்தத்தான் வேண்டும். இன்னும் கவனமாகச் செய்வதென்றால் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பநிலையைக் குறித்து வரைபு கீறி, குளிரத் தொடங்கிய கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னால் நீட்டிப் பார்க்கலாம். வெப்பம் கசியாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அது காட்டும்.

இங்கேதான் நான் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். 50க்கும் 50க்கும் பதிலாக 100ம் 100ம் எடுத்தால் வெப்பநிலை எவ்வளவு ஏறும்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 13 பாகை என்பார்கள். மருமகனும் அதைத்தான் சொன்னான். செய்து பார்க்கச் சொன்னேன். மறுபடியும் 6.5 பாகையளவுதான் ஏறியது. வெப்பமானியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தான். பிறகு தானாகவே சொன்னான்: "ரெண்டு மடங்கு வெப்பம், ஆனா ரெண்டு மடங்கு தண்ணிக்கும் பிரிச்சுக் குடுக்கோணும், என்ன மாமா?" அவ்வளவுதான். வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதை நான் பத்து தரம் சொல்லி ஏறாதது அந்தக் கோப்பையால் ஏறியது.

எரியும் பொருட்களுக்கு ரெஜிபோம் சரிவராது. அவற்றை அளக்கத் தடித்த உருக்குப் பாத்திரம் ஒன்றுக்குள் பொருளை வைத்து, ஒட்சிசனை அழுத்தி நிரப்பி, பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்பொறியால் பற்றவைப்பார்கள். அது குண்டுக் கலோரிமானி. கணக்கு மாத்திரம் அதேதான். தண்ணீர் எவ்வளவு சூடானது என்பதுதான் கேள்வி. பிஸ்கற் பைக்கற்றில் அச்சிட்டிருக்கும் கலோரிக் கணக்கின் அடிப்படையும் இதுதான். அங்கே கலோரி என்பது கிலோகலோரி, 4.18 கிலோயூல். ஒரு கிராம் மாச்சத்தில் சுமார் 17 கிலோயூல், ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 37.

குளிர வைக்கும் கரைதல்

தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்தால் வாளி சில்லென்று ஆகிவிடும் என்பார்கள். யூரியாப் பளிங்கைப் பிரித்துத் தண்ணீருக்குள் இழுக்கச் செலவாகும் சக்தி, தண்ணீரோடு சேர்வதில் வரும் சக்தியைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு மூல் யூரியாவுக்கு, அதாவது 60 கிராமுக்கு, சுமார் 15 கிலோயூல். இது கரைதல்தான், முழு இரசாயனத் தாக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் வரவுசெலவு அதே மாதிரி. மேலே சொன்ன கோப்பையில் 200 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு 30 கிராம் யூரியாவைப் போட்டுக் கலக்கினால் வெப்பநிலை ஏழெட்டுப் பாகை இறங்கவேண்டும். வெப்பமானி இருந்தால் அளந்து பாருங்கள். கையை அப்புறம் கழுவிக்கொண்டால் போதும்.

வெப்பம் வெளிவிடுகிற மாற்றங்கள் மட்டுமே தாமாக நடக்கும் என்ற நம்பிக்கையும் இந்த வாளியில் கரைந்துபோகிறது. யாரும் சூடு காட்டவில்லை, யூரியா தானாகவே கரைகிறது, குளிர்ந்துகொண்டே கரைகிறது. ஒன்று தானாக நடக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வெப்பக் கணக்கு மட்டும் போதாது.

அதிக வெப்பம் என்றால் வேகமா?

இல்லை. இது கடைசித் தவறு, ஆனால் பெரிய தவறு. எவ்வளவு வெப்பம் வரும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக வரும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி.

கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சைக்கிள் செயின், யன்னல் கம்பி, கூரைத் தகரத்து ஆணி எல்லாம் சிவந்து உதிரும். துருப்பிடித்தல் என்பது இரும்பு ஒட்சிசனோடு சேர்வது, புறவெப்பத்தாக்கம். ஒரு கிராம் இரும்பு ஒட்சைட்டாக மாறினால் ஏழு கிலோயூலுக்கு மேல் வெளிவருகிறது. ஒரு கிராம் சுட்ட சுண்ணாம்பு நீற்றும்போது வருவது 1.16 கிலோயூல்தான். ஒரே எடைக்கு, பீப்பாவைக் குமுற வைத்த சுண்ணாம்பைவிட முற்றத்து மூலையில் சாத்தி வைத்த சைக்கிள் ஆறு மடங்கு வெப்பம் விடுகிறது. சுண்ணாம்பு அதைச் சில நிமிடங்களில் விட்டது. சைக்கிள் வருடக்கணக்காக விடுகிறது; வந்த வெப்பத்தைக் காற்று அவ்வப்போது கொண்டுபோய்விடுகிறது.

வேகத்தைத் தீர்மானிப்பது ஏவற்சக்தி. பழைய பிணைப்புகள் தளரத் தொடங்க முதலில் கொடுக்கவேண்டிய சக்தி அது. விறகு காற்றோடு சேர்ந்தால் எவ்வளவோ வெப்பம் வரும், ஆனாலும் விறகுக் கட்டு காற்றில் சும்மா கிடக்கிறது. ஒரு நெருப்புக்குச்சி அந்த முதல் செலவைக் கொடுத்துவிட்டால், பிறகு வருகிற வெப்பமே அடுத்தடுத்த விறகுக்கு முதல் போடும்.

துருவின் சூட்டை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பிச் சுருளில் கொஞ்சம் எடுங்கள். துருப்பிடிக்காத உருக்கில் செய்தது சரிவராது, சாதாரண இரும்பு வேண்டும். அதை வினாகிரியில் ஒரு நிமிடம் ஊறவிட்டால் மேலே உள்ள பூச்சு போய்விடும். நன்றாகப் பிழிந்து, வெப்பமானியின் குமிழைச் சுற்றிப் பொதிந்து, ஒரு போத்தலுக்குள் வைத்து, வாயைத் தளர்வாக மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக் குறியுங்கள். மருமகன் வைத்த போத்தலில் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பாகை ஏறியது, அடுத்த ஐந்தில் இன்னும் இரண்டு. அதற்குள் கம்பிச் சுருளின் ஓரத்தில் செம்மஞ்சள் நிறம் படரத் தொடங்கிவிட்டது.